லி சுன்

லி சுன் (ஏறத்தாழ கி.பி. 855 – ஏறத்தாழ கி.பி. 930) பாரசீக வழித்தோன்றலான சீனக் கவிஞரும் மருந்தியல் நூலாசிரியரும் ஆவார். தாங் அரசமரபின் இறுதிக் காலத்திலும், அதனைத் தொடர்ந்து சிச்சுவான் பகுதியை ஆண்ட முன்னைச் சூ அரசின் காலத்திலும் இவர் வாழ்ந்தார். இவருடைய குடும்பம் நறுமணப் பொருள்களையும் மருந்துச் சரக்குகளையும் விற்று வந்தது. கடல் கடந்து சீனாவுக்கு வந்த மருந்துகளைப் பற்றி இவர் எழுதிய ஹாய்யாவோ பென்சாவோ என்னும் நூல், சீன மருந்தியல் வரலாற்றில் தனி இடம் பெற்றது. சீன இசைப்பாடல் இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவராகவும் இவர் மதிக்கப்படுகிறார்.

பெயரும் பிறப்பிடமும்

லி என்பது குடும்பப் பெயர். சுன் என்பது இயற்பெயர். சீன வழக்கப்படி இவருக்குத் தெருன் என்னும் சிறப்புப் பெயரும் இருந்தது. லி என்பது தாங் பேரரசர்களின் குடும்பப் பெயர். சீனாவில் குடியேறிய அயல்நாட்டவர் பலர் அப்பெயரை ஏற்றுக்கொண்டனர். ஆகவே இக்குடும்பத்தின் பெயரிலிருந்து அதன் பாரசீக மூலத்தை அறிய இயலாது. எனினும் ஊரார் இவரைப் பாரசீக லி என்றே அழைத்தனர். இவருடைய ஊர் சிச்சுவானில் உள்ள ட்சிசௌ ஆகும். இது இன்றைய சான்தாய் மாவட்டப் பகுதியில் அமைந்துள்ளது.

சீனாவில் பாரசீகர்

கி.பி. 651இல் சாசானியப் பேரரசு அரேபியரிடம் வீழ்ந்தது. கடைசிப் பேரரசர் மூன்றாம் யாசுடெகர்டின் மகன் பெரோசு சீனத் தலைநகரான சாங்கானில் அடைக்கலம் புகுந்தார். இதற்கு முன்பும் பின்பும் பாரசீக வணிகர்கள் தரைவழியாகவும் கடல்வழியாகவும் சீனாவுக்கு வந்தவண்ணம் இருந்தனர். சாங்கானின் மேற்குச் சந்தை, யாங்சௌ, தென்கோடித் துறைமுகமான குவாங்சௌ ஆகிய இடங்களில் அவர்களுடைய கடைகள் இருந்தன.

பாரசீக வளைகுடாவிலிருந்து குவாங்சௌ செல்லும் கப்பல்கள் வழியில் கொல்லம் துறைமுகத்தில் தங்கிச் சென்றன. கி.பி. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிகளின் ஒப்பங்கள் அரபு எழுத்துகளிலும், பாரசீகத்தின் பழைய எழுத்தான பகலவியிலும், எபிரேய எழுத்துகளிலும் காணப்படுகின்றன. லி சுன் குடும்பம் விற்ற சரக்குகளில் பல இக்கடல்வழியைச் சேர்ந்தவையே.

பாரசீக வணிகர் அரசவையிலும் அறியப்பட்டிருந்தனர். கி.பி. 824இல் லி சூசா என்னும் பாரசீக வணிகர், ஒரு மண்டபம் கட்டப் போதுமான அகில் மரத்தைப் பேரரசர் சிங்சோங்குக்கு வழங்கினார். இத்தகைய ஆடம்பரம் ஆகாது என்று அரசவை அதிகாரி ஒருவர் கண்டித்ததையும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. லி சூசா லி சுன்னின் முன்னோராக இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் ஊகித்தனர். குடும்பப் பெயரும் தொழிலும் பொருந்துவதைத் தவிர இதற்குச் சான்று இல்லை.

அயல்நாட்டு வணிகரின் வாழ்வு பாதுகாப்பானதாக இருக்கவில்லை. கி.பி. 760இல் யாங்சௌ நகரில் அரசுப் படையினரே பாரசீக, அரபு வணிகர் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றனர். கி.பி. 879இல் கிளர்ச்சித் தலைவன் குவாங் சாவோ குவாங்சௌ நகரைக் கைப்பற்றியபோது அங்கிருந்த அயல்நாட்டவர் 120,000 பேர் மாண்டனர் என அபு சையது என்னும் அரபு மொழி எழுத்தாளர் குறிப்பிட்டுள்ளார். இத்தொகை மிகையானது எனினும், பேரழிவு நிகழ்ந்தது உண்மை.

சிச்சுவானில் குடும்பம்

குவாங் சாவோவின் படைகள் சாங்கானை நெருங்கியபோது பேரரசர் சிசோங் மேற்கே சிச்சுவானுக்குத் தப்பி ஓடினார். கி.பி. 881இல் செங்டூ நகரை அடைந்த அவர், 885 வரை தலைநகருக்குத் திரும்பவில்லை. லி சுன்னின் குடும்பம் பேரரசரைப் பின்தொடர்ந்து சிச்சுவானுக்கு வந்ததாகவும், அதற்காக அரண்மனைக் காவல் சார்ந்த ஒரு பதவியைப் பெற்றதாகவும் சோங் அரசமரபுக் காலத்தில் குவாங் சியூபூ என்பவர் எழுதிய மாவோதிங் கேகுவா என்னும் நூல் கூறுகிறது. மற்றொரு நூல் லி சுன்னை உள்ளூரில் பிறந்த பாரசீகர் என்கிறது.

சிச்சுவான் மலைகள் சூழ்ந்த வளமான நிலப்பகுதி. மருந்து மூலிகைகளுக்குப் பெயர்பெற்றது. ஆண்டுதோறும் மருந்துச் சந்தைகள் கூடும் வழக்கமும் அங்கு இருந்தது. லி சுன்னின் ஊரான ட்சிசௌவின் சந்தை அவற்றுள் ஒன்று. கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ள இப்பகுதியில் குந்திரிக்கமும் கிராம்பும் கிடைப்பது அரிது. ஆகவே நறுமணப் பொருள் வணிகருக்கு இங்கு நல்ல வரவேற்பு இருந்தது.

நறுமணம், மருந்து, நஞ்சு

அக்காலச் சீனாவில் நறுமணக் கடையும் மருந்துக் கடையும் வெவ்வேறானவை அல்ல. இரண்டையும் சேர்த்து மணமருந்து என்று பொருள்படும் ஒரே சொல்லால் குறித்தனர். அகில் கோயிலில் புகைக்கப்பட்டது; ஆடைகளுக்கு மணமூட்டியது; வயிற்று வலிக்கும் கொடுக்கப்பட்டது. வெள்ளைப்போளம் அடிபட்ட காயங்களுக்குப் பயன்பட்டது. கிராம்பு வாய் நாற்றத்தைப் போக்கியது.

இதே கடைகளில் நஞ்சுகளும் கிடைத்தன. சீன மருத்துவத்தில் நஞ்சு என்பது மருந்தின் ஒரு தன்மையே ஆகும். மிகப் பழைய மருந்தியல் நூலான சென்னோங் பென்சாவோ 365 மருந்துகளை மூன்று தரங்களாகப் பிரிக்கிறது. நீண்ட நாள் உண்ணத்தக்க, நஞ்சற்ற மருந்துகள் மேல்தரம். கடும் நோய்க்கு மட்டும் அளவோடு கொடுக்கவேண்டிய, பெரும்பாலும் நச்சுத்தன்மை உள்ள மருந்துகள் கீழ்த்தரம். எடுத்துக்காட்டாக, சிச்சுவானில் பெருமளவில் விளைந்த வசநாபிக் கிழங்கு முறையாகப் பதப்படுத்தினால் மருந்து. பச்சையாக உண்டால் உயிர்கொல்லி.

இதனால் நஞ்சு விற்பனையைச் சட்டம் நுட்பமாகக் கையாண்டது. கி.பி. 653இல் வெளியிடப்பட்ட தாங் சட்டத்தொகுப்பின்படி, ஒருவருக்கு நஞ்சூட்டியவருக்கும் அந்நஞ்சை விற்றவருக்கும் கழுத்தை நெரித்துக் கொல்லும் தண்டனை உண்டு. விற்கப்பட்ட நஞ்சு இன்னும் பயன்படுத்தப்படவில்லை என்றால் 2,000 லி தொலைவுக்கு நாடுகடத்தல் தண்டனை. ஆனால் நோய் தீர்க்கவும் உதவும் ஒரு பொருளை வாங்கியவர் கொலைக்குப் பயன்படுத்தினால், அந்த நோக்கத்தை அறியாத வணிகர் குற்றவாளி ஆகமாட்டார். வணிகர் எதை விற்றார் என்பதைவிட, எதை அறிந்து விற்றார் என்பதே சட்டத்தின் கேள்வியாக இருந்தது.

தாங் காலக் கதைகளில் பாரசீக வணிகர் பெரும் செல்வராகவும், மறைபொருள்களை அறிந்தவராகவும், மந்திர ஆற்றல் உள்ளவராகவும் சித்திரிக்கப்பட்டனர். லி குடும்பத்தைப் பற்றிய சான்றுகளில் அத்தகைய மர்மம் எதுவும் காணப்படவில்லை. இக்குடும்பத்தினர் சட்டத்தை மீறி நஞ்சு விற்றதாக எந்த நூலும் கூறவில்லை. அவர்களிடம் இருந்த நச்சுப் பொருள்கள் ஒரு வழியில் மருந்து நூலுக்கும், மற்றொரு வழியில் இரசவாத உலைக்கும் சென்றன.

தேர்வும் ஏளனமும்

லி சுன் இளமையிலேயே சீன இலக்கியத்தைக் கற்றுத் தேர்ந்தார். அவருடைய கவிதைகள் படிப்போரை உருக்கும் தன்மையுடையவை என்று பெயர்பெற்றன. அயல்நாட்டவருக்குரிய பிரிவில் அரசுத் தேர்வுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்களுள் இவரும் ஒருவர்.

அக்காலத்தில் செங்டூவில் யின் ஓ என்னும் கவிஞர் இருந்தார். அவர் லி சுன்னின் நண்பரும் ஆவார். அவர் லி சுன்னைக் கேலி செய்து நான்கு அடிக் கவிதை ஒன்றை எழுதினார். பாரசீகர் ஒருவர் வலிந்து சீன எழுத்தைக் கற்கிறார். தேர்வில் வென்று வெற்றியின் அடையாளமான மணமிக்க மரக்கிளையைப் பறித்தாலும், அயலாரின் உடல் நாற்றம் பட்டு அக்கிளையும் மணமிழந்துவிடும் என்பது அதன் கருத்து. பின்னைச் சூ அரசின் காலத்தைச் சேர்ந்த ஹ குவாங்யுவான் இந்நிகழ்ச்சியைத் தமது சியென்சியே லூ என்னும் நூலில் பதிவு செய்துள்ளார். இக்கவிதை பரவியபின் லி சுன்னின் இலக்கியப் புகழ் மண்ணோடு மண்ணாயிற்று என்றும் அவர் எழுதியுள்ளார்.

இந்த ஏளனத்தின் கொடுமையை உணர, லி குடும்பத்தின் தொழிலை நினைவில் கொள்ளவேண்டும். சீனர்களின் அரண்மனைகளுக்கும் கோயில்களுக்கும் மணம் தந்தவை பாரசீகர் கொண்டுவந்த சரக்குகள். அவற்றை விரும்பி வாங்கிய சமூகத்தில், விற்றவரின் மகன் கவிஞனாக வந்தபோது அவனுடைய உடலின் மணமே அவனுக்கு எதிரான சான்றாக்கப்பட்டது.

லி சுன் எந்தப் பதவியும் பெற்றதாகத் தெரியவில்லை. பிற்காலத் தொகுப்பு நூலில் பெரும்பாலான கவிஞர்கள் தத்தம் பதவிப் பெயருடன் குறிக்கப்பட, இவர் சியூட்சாய், அதாவது கற்றறிந்தவர், என்று மட்டுமே குறிக்கப்பட்டுள்ளார்.

தங்கை லி ஷுன்சியென்

முன்னைச் சூ அரசை வாங் சியென் கி.பி. 907இல் நிறுவினார். 918இல் அவருடைய மகன் வாங் யென் அரியணை ஏறினார். லி சுன்னின் தங்கை லி ஷுன்சியென் இவ்வரசரின் துணைவியருள் ஒருவரானார். இவரும் கவிஞர். இவருடைய பெயரில் மூன்று கவிதைகள் முழுத் தாங் கவிதைத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. சீன மொழியில் கவிதை எழுதிய பாரசீக மரபுப் பெண் என்ற வகையில் இவர் குறிப்பிடத்தக்கவர்.

இசைப்பாடல்கள்

லி சுன் எழுதியவை பெரும்பாலும் ட்சு எனப்படும் இசைப்பாடல்கள். ஏற்கெனவே உள்ள ஒரு மெட்டுக்குச் சொற்களை அமைப்பது இவ்வகையின் இலக்கணம். செங்டூ இக்கலையின் முக்கிய மையமாக விளங்கியது. கி.பி. 940இல் சாவ் சோங்ட்சோ தொகுத்த ஹுவாசியென் சி என்னும் நூலில் 18 கவிஞர்களின் 500 பாடல்கள் உள்ளன. அவற்றுள் லி சுன்னின் பாடல்கள் 37. அவரை ஏளனம் செய்த யின் ஓவின் பாடல்கள் 6. லி சுன்னின் பாடல்களில் இன்று 54 எஞ்சியுள்ளன. சியோங்யாவோ சி என்ற பெயரில் இருந்த அவருடைய தனித்தொகுப்பு அழிந்துவிட்டது.

அத்தொகுப்பின் பெரும்பாலான பாடல்கள் அந்தப்புர மகளிரின் பிரிவுத் துயரைப் பாடுகின்றன. லி சுன்னும் அவ்வாறு பாடியுள்ளார். ஆனால் நான்சியாங்சி என்னும் மெட்டில் அமைந்த அவருடைய 17 பாடல்கள் வேறுபட்டவை. அவை தென்சீனக் கடற்கரை நிலத்தைக் காட்டுகின்றன. விளச்சிப் பழமரங்களின் நிழல், தாமரை பறிக்கும் படகுப் பெண்கள், சிவந்த முருக்க மலர்கள், யானைமீது ஆற்றைக் கடக்கும் பெண் ஆகிய காட்சிகள் அவற்றில் வருகின்றன. மலைநாட்டில் வாழ்ந்த கவிஞர் இவ்வளவு நுணுக்கமாக எழுதியிருப்பதால் அவர் தெற்கே பயணம் செய்திருக்கவேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

ஹாய்யாவோ பென்சாவோ

இந்நூலின் பெயருக்குக் கடல்வழி மருந்துகளின் நூல் என்று பொருள் கொள்ளலாம். ஆறு பகுதிகளைக் கொண்டிருந்த இந்நூலில் இன்று அறியப்படும் மருந்துகள் 120க்கும் மேற்பட்டவை. குந்திரிக்கம், வெள்ளைப்போளம், சாம்பிராணி, கிராம்பு, அகில், பச்சைக் கருப்பூரம், சாதிக்காய், பெருங்காயம், பேரீச்சை, பாரசீகப் படிகாரம் முதலியன அவற்றுள் அடங்கும்.

ஒவ்வொரு மருந்துக்கும் அது வரும் நாடு, தோற்றம், சுவை, வெம்மை அல்லது குளிர்ச்சி, நஞ்சு உண்டா இல்லையா என்பது, தீர்க்கும் நோய்கள் ஆகியவை தரப்பட்டுள்ளன. சில இடங்களில் நல்ல சரக்கை அறியும் வழியும் கூறப்படுகிறது. குந்திரிக்கத்தில் செந்நிறச் சேலாப்பழம் போன்ற துண்டுகளே சிறந்தவை என்பது அவற்றுள் ஒன்று. தமிழ்நாட்டில் நிலப்பனை என அறியப்படும் மூலிகையும் இந்நூலில் இடம்பெறுகிறது. அதன் கிழங்கு இடுப்புக்கும் கால்களுக்கும் வலுவூட்டும் என்று கூறும் நூலாசிரியர், அதில் சிறிது நஞ்சு உண்டு என்றும் எச்சரிக்கிறார்; அதன் வடமொழிப் பெயரையும் சீன ஒலியில் தருகிறார்.

அயல்நாட்டுச் சரக்கில் கலப்படமும் ஏமாற்றும் எளிது. வாங்குபவர் அப்பொருள் விளையும் மரத்தைப் பார்த்ததில்லை; அதன் பெயரும் அவருக்கு அயல்மொழி. வணிகருக்கு மட்டுமே தெரிந்திருந்த செய்திகளை, நஞ்சு பற்றிய எச்சரிக்கை உட்பட, எல்லோரும் படிக்கும் எழுத்தில் வைத்ததே இந்நூலின் சிறப்பு. லி சுன் பழைய பயண நூல்களையும் நிலநூல்களையும் பெயர் சுட்டிப் பயன்படுத்தியுள்ளார். அந்நூல்களில் பல இன்று இல்லை.

இந்நூலில் பாரசீகம் என வரும் இடங்கள் அனைத்தும் ஈரானைக் குறிப்பன அல்ல என்ற கருத்தும் உண்டு. அவற்றுள் சில தென்கிழக்கு ஆசியாவில் இருந்த ஓரிடத்தைக் குறிக்கின்றன என்று பெர்தோல்டு லௌஃபர் 1919இல் வெளியான தமது ஆய்வில் வாதிட்டார்.

தம்பி லி சியெனும் இரசவாதமும்

லி சுன்னின் தம்பி லி சியென், நான்காம் மகன் என்று பொருள்படும் பெயராலும் அழைக்கப்பட்டார். மாவோதிங் கேகுவா இவரைப் பற்றியே விரிவாகக் கூறுகிறது. இவர் நறுமண மருந்துகளை விற்று வாழ்ந்தார். நேர்மையும் மென்மையான பழக்கவழக்கங்களும் உடையவர். பலகை விளையாட்டில் வல்லவர். உடலைப் பேணி நீண்ட நாள் வாழும் தாவோயிய முறைகளில் ஈடுபாடு கொண்டவர்.

இந்த ஈடுபாடு அவரை இரசவாதத்துக்கு இட்டுச் சென்றது. இலிங்கம், பாதரசம், ஈயம், கந்தகம், அரிதாரம், மனோசிலை போன்றவற்றை உலையில் புடமிட்டுச் சாவாமை தரும் மாத்திரையைச் செய்ய முடியும் என அக்காலத்தவர் நம்பினர். இவற்றுள் பல கொடிய நஞ்சுகள். தாங் பேரரசர்களே இதற்குப் பலியாயினர். மாத்திரைகளை உண்டு நிதானம் இழந்த சியென்சோங் 820இல் அரண்மனை அலிகளால் கொல்லப்பட்டதாகக் கூறப்படுகிறது. 824இல் மூசோங், 846இல் ஊசோங், 859இல் சுவான்சோங் ஆகியோரின் இறப்புக்கும் இம்மாத்திரைகளே காரணம் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

லி சியென் தமது செல்வம் முழுவதையும் உலைக்குச் செலவிட்டார். முதுமையில் அவருடைய வீட்டில் தாவோயிய நூல்களும் ஒரு மருந்துப் பையும் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. அண்ணன் கடைச் சரக்கின் நஞ்சை எழுதி அறிவித்தார். தம்பி நஞ்சிலிருந்து சாவாமையைத் தேடி வறியவரானார்.

இறுதிக் காலம்

கி.பி. 925இல் பின்னைத் தாங் அரசின் படை சிச்சுவானுக்குள் புகுந்தது. வாங் யென் சரணடைந்தார். மறு ஆண்டு அவரும் அவருடைய குடும்பத்தினரும் கொல்லப்பட்டனர். அதன்பின் லி சுன் புதிய ஆட்சியில் பணியாற்றவில்லை. நாட்டின் வீழ்ச்சிக்காக வருந்தும் பாடல்களும், பதவியும் புகழும் வேண்டாது தூண்டிலுடன் படகில் வாழும் மீனவரைப் பற்றிய பாடல்களும் அவர் படைப்புகளில் உள்ளன. அவற்றை அவருடைய பிற்கால வாழ்வின் சாயலாகவே ஆய்வாளர்கள் படிக்கின்றனர்.

நூலின் பிற்கால நிலை

ஹாய்யாவோ பென்சாவோ சோங் காலத்துக்குப் பின் தனி நூலாகக் கிடைக்கவில்லை. ஆனால் 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிச்சுவானைச் சேர்ந்த மருத்துவர் தாங் சென்வெய் தொகுத்த செங்லெய் பென்சாவோ என்னும் பெருநூலில் அதன் பகுதிகள் எடுத்தாளப்பட்டிருந்தன. 1578இல் எழுதி முடிக்கப்பட்ட பென்சாவோ காங்மூ என்னும் புகழ்பெற்ற நூலில் லி சிசெனும் அதனைப் பயன்படுத்தினார். எனினும் லி சிசென் இந்நூலாசிரியரை 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாழ்ந்தவராகக் கருதினார். மருந்து நூலாசிரியரும் சிச்சுவான் கவிஞரும் ஒருவரே என்ற முடிவு 20ஆம் நூற்றாண்டு ஆய்வுகளால் வலுப்பெற்றது. சிதறிய பகுதிகளைச் சாங் சிசூன் ஒன்றுதிரட்டி மீட்டமைத்த பதிப்பு 1997இல் வெளிவந்தது.

மதிப்பீடு

வாழ்ந்த காலத்தில் லி சுன் பாரசீகர் என்பதற்காக எள்ளி நகையாடப்பட்டார். இன்று சீன இலக்கிய வரலாறு அவரைத் தன் கவிஞராகவும், சீன மருத்துவ வரலாறு அவரைத் தன் நூலாசிரியராகவும் கொள்கின்றன. குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் சீன மருத்துவத்தில் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. அவை அயல்நாட்டுச் சரக்கு என்பதைப் பயன்படுத்துவோர் நினைப்பதில்லை. யின் ஓவின் கேலிக் கவிதையும் அழியவில்லை. ஆனால் அதைப் படிப்போரில் பலர் லி சுன் யார் என்று அறியவே அதைத் தேடிப் படிக்கின்றனர்.